வரிசை வீட்டின் பின்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது: இடிப்பதா, பிடித்து நிறுத்துவதா?

கேள்வி

நூறு வருடத்துக்கு மேல் பழைய செங்கல் வீடு. இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகள். வரிசையில் எங்களுடையது நடு வீடு. பின்சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் ஏறுகிறது. மாடித் தரை உயரத்தில் சுவர் வயிறு தள்ளியதுபோல வெளியே வந்திருக்கிறது. ஒரு கொத்தனார், "முழுக்க இடித்து சிமென்டில் கட்டிவிடலாம்" என்கிறார். இன்னொருவர், "அடைத்துப் பூசினால் போதும், பழைய வீடு என்றால் இப்படித்தான்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

2022 ஜனவரி 9

இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்காதீர்கள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சுவரை இத்தனை வருடம் எது பிடித்து வைத்திருந்தது, அது ஏன் விட்டது என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் வீட்டுக்குள் போய், மாடித் தரையைத் தாங்கும் மர உத்தரங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். வரிசை வீடுகளில் பெரும்பாலும் அவை இடப்பக்கப் பொதுச் சுவரிலிருந்து வலப்பக்கப் பொதுச் சுவருக்கு ஓடும். வீட்டின் அகலம் குறைவு, அதனால் அந்தப் பக்கம் போட்டால்தான் மரம் சிக்கனம். அப்படி இருந்தால் தரையின் பாரம் எல்லாம் பக்கத்துச் சுவர்கள் மேல் இறங்குகிறது. முன்சுவரும் பின்சுவரும் உத்தரங்களுக்கு இணையாகத் தனியே நிற்கின்றன. அவற்றுக்குள் ஒரு மரமும் செருகியிருக்காது. கடைசி உத்தரத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு விரற்கடை சந்து இருக்கும், அவ்வளவுதான். இரண்டு அடுக்கு உயரச் சுவர், தன் எடையையும் மூலையில் கோத்த செங்கல்லையும் நம்பி நிற்கிறது.

மூலைக் கோர்ப்பு விட்டுவிட்டால் சுவருக்குப் போகிற திசை ஒன்றுதான். வெளியே.

என் வீட்டிலும் பின்சுவர் இப்படித்தான் வெளியே வந்தது. காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2022 ஜனவரி 10

எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று எப்படி அளப்பது என்று கேட்டிருந்தீர்கள். மேல் ஜன்னலிலிருந்து ஒரு கட்டையை நீட்டி, அதில் தூக்குக் குண்டு கட்டித் தொங்கவிடுங்கள். காற்றில் ஆடாமலிருக்கக் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிடலாம். அப்புறம் நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை மேலிருந்து கீழே நாலு செங்கல் வரிக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். அதைத் தாளில் வரைந்து பார்த்தால் சுவரின் உடம்பு தெரியும். மொத்தமாகச் சாய்ந்திருக்கிறதா, நடுவில் மட்டும் புடைத்திருக்கிறதா என்பது முக்கியம். மொத்தமாகச் சாய்ந்தால் கடைக்கால் மேல் சந்தேகம் வரும். தரை மட்டத்துக்கு நேராகப் புடைத்தால் பிடிமானம் மேல் சந்தேகம் வரும்.

என் சுவர் 230 மி.மீ. தடிப்பு, அதாவது ஒரு செங்கல்லின் நீளம். மாடித் தரை உயரத்தில் 31 மி.மீ. வெளியே வந்திருந்தது. வீட்டைப் பார்க்க வந்த கட்டமைப்புப் பொறியாளர் ஒரு பழைய கணக்கைச் சொன்னார். சுவரின் பாரம் இறங்கும் கோடு, தடிப்பின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை செங்கல் முழுவதும் அழுத்தத்திலேயே இருக்கும். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் இழுபடத் தொடங்கும். செங்கல்லும் காரையும் இழுப்பைத் தாங்காது. மையத்திலிருந்து தடிப்பில் ஆறில் ஒரு பங்கு, அதாவது எனக்கு 38 மி.மீ. "இது முதல் சல்லடைதான், தீர்ப்பில்லை" என்றும் அவரே சொன்னார். 31, 38 என்ற இரண்டு எண்களையும் சேர்த்து யோசித்துக்கொண்டு அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

2022 ஜனவரி 13

"கடைக்கால் இறங்கியிருக்கும், தோண்டிப் பார்" என்று மேலே ஒருவர் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்சுவர் ஓரமாகக் குழி எடுத்தேன். பழைய முறைப்படி செங்கல்லைப் படிப்படியாக அகலப்படுத்திய அடித்தளம், ஒரு கல்கூட நகராமல் அப்படியே இருந்தது. ஆனால் குழியில் மண் சேறாக இருந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடி மேலே போனேன். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், இரண்டு வீடும் சேரும் இடத்தில் இறங்குகிறது. அதன் ஒரு இணைப்பு சுவர்ப் பக்கமாக வாய் பிளந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும். பின்னால் கையை விட்டால்தான் ஓட்டை. எத்தனை வருடமோ ஒவ்வொரு மழையும் சுவரின் அந்த மூலைக்குள் போயிருக்கிறது. காரை கரைந்து, மூலையில் கோத்த கற்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் போய்விட்டன. பின்சுவர் பொதுச் சுவரிலிருந்து கழன்றது அங்கேதான். உள்பக்க மூலையில் மேலிருந்து கீழே ஒரு நேர் விரிசல் ஓடியது. அதன் மேல் பாதியில் என் சுண்டுவிரல் நுனி போனது. கீழே வரவரக் கூந்தல் இழை.

உங்கள் வீட்டில் அந்த உள்மூலையைப் பார்த்தீர்களா? அலமாரி வைத்து மறைத்திருப்பீர்கள். நகர்த்திப் பாருங்கள்.

2022 ஜனவரி 14

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் துண்டை ஒட்டச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் ஒட்டினேன். உடைந்தது. உடைந்தது என்பதைத் தவிர எதுவும் தெரியவில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு, திரும்பி மூடியதா, ஒன்றும் சொல்லாது. அதற்குப் பதில் விரிசலின் இரு பக்கமும் இரண்டு சிறு ஆணி அடித்து, நடுவில் உள்ள தூரத்தைக் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியால் அளந்து தேதி போட்டு எழுதுங்கள். வெயிலிலும் குளிரிலும் சுவர் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும். ஒரு முழு வருடம் பார்த்தால்தான் மூச்சு எது, போக்கு எது என்று பிரிக்க முடியும். இதெல்லாம் மெதுவாக நகரும் சுவருக்கு. வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரிந்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே முட்டுக் கொடுக்க ஆளை வரச் சொல்லுங்கள்.

அகலத்துக்கு ஒரு அளவு கேட்டீர்கள். கட்டட ஆய்வில் பரவலாகக் கையாளும் வகுப்பில் 1 மி.மீ. வரை அலங்காரப் பிரச்சினை, 5 வரை அடைத்துச் சரிசெய்யக்கூடியது, 5 முதல் 15 வரை சுவரைத் திறந்து பார்க்க வேண்டியது, 25ஐத் தாண்டினால் நிலைத்து நிற்பதே கேள்வி. அகலம் ஒரு பக்கம் இருக்கட்டும். விரிசலின் இரு விளிம்பும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு விளிம்பு முன்னே நின்றால், அகலம் 2 மி.மீ. என்றாலும் நான் அதை மதிப்பேன்.

2022 ஜனவரி 20

உத்தர முனைகளைப் பற்றி. இதுதான் என் வீட்டில் அதிகம் பயமுறுத்தியது, பணமும் அதிகம் தின்றது.

மாடி அறையில் பின்பக்க மூலையில் நடந்தால் தரை லேசாக அமுங்கும். பழைய பலகை என்று விட்டிருந்தேன். கீழிருந்து கூரைப் பூச்சை உடைத்தோம். முதலில் வந்தது வாசனை. மூடிக் கிடந்த ஈரக் காளான் வாசனை. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பின்சுவரிலிருந்து மூன்றாவது உத்தரம், பொதுச் சுவருக்குள் நுழையும் இடத்தில் நிறம் மாறி, சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. தச்சர் தன் திருப்புளியை அதில் வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். பிடி வரைக்கும் போய்விட்டது. சத்தமே இல்லை, ரொட்டிக்குள் போவதுபோலப் போனது. அதே உத்தரத்தில் அரை மீட்டர் தள்ளிக் குத்தினால் திருப்புளி வழுக்குகிறது, மரம் இரும்பு மாதிரி.

மரம் நடுவில் நன்றாக இருந்து முனையில் மட்டும் உளுப்பதற்குக் காரணம் எளிது. முனை ஈரச் செங்கல்லுக்குள் புதைந்திருக்கிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர முடியாது. அதற்கு மேல் போய் அங்கேயே நின்றால் தின்னத் தொடங்கிவிடும். அந்தக் குழாய் ஓட்டை மூலைக்குப் பக்கத்து மூன்று உத்தரங்களில் ஈரமானி 28 முதல் 34 வரை காட்டியது. அறைக்கு அந்தப் பக்கச் சுவரில் 13. ஒரே வீடு, ஒரே மரம், ஒரே வயசு.

இன்னொன்று. முனைகள் நேராக வெட்டியிருக்காமல் மேல் பக்கம் குட்டையாக, கீழ்ப் பக்கம் நீளமாகச் சரிவாக வெட்டியிருந்தன. எந்த ஆளோ அளவு தப்பி வெட்டிவிட்டார் என்று நான் கோபப்பட்டேன். தச்சர் விளக்கினார்: தீப்பிடித்து உத்தரம் நடுவில் எரிந்து ஒடிந்து விழும்போது, சதுர முனை சுவருக்குள் நெம்புகோல் மாதிரி மேல்நோக்கித் தூக்கிச் சுவரையே சாய்த்துவிடும். சரிவாக வெட்டினால் முனை தானாக வழுக்கி வெளியே விழும், சுவர் நிற்கும், பக்கத்து வீடும் தப்பும். நூறு வருடம் முன்பு யாரோ ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரின் உயிரையும் நினைத்து ரம்பம் பிடித்திருக்கிறார். அந்த வெட்டை வெகுநேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2022 ஜனவரி 21

உளுத்த உத்தரத்தை எப்படிச் சரிசெய்தோம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

தரைக்கு முட்டுக் கொடுத்தோம். முட்டுக் கம்பத்தைக் கீழ்த் தரைப் பலகை மேல் நிறுத்தக் கூடாது. அதற்கும் கீழே உத்தரம் இருந்தால் அதற்கும் முட்டு, இப்படி மண் வரை போக வேண்டும். நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கும் அரை மீட்டர் உள்ளே வரை உளுத்ததை வெட்டி எடுத்தோம். ஒவ்வொரு பழைய உத்தரத்தின் பக்கத்திலும் அதே உயரப் புதிய உத்தரத்தைச் சேர்த்து போல்ட்டுப் போட்டு இறுக்கினோம். புதிய முனையைச் சுவர்க் குழிக்குள் விடும்போது, அடியில் ஈரம் ஏறாத பட்டை வைத்து, பக்கத்திலும் பின்னாலும் ஒரு விரல் காற்று இடைவெளி விட்டோம். காரையால் அடைக்கவில்லை. அடைத்தால் பழைய கதைதான்.

தரை 22 மி.மீ. தொங்கியிருந்தது. அதை ஜாக்கி வைத்துத் தூக்கியதில் தச்சரின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஒரு நாளில் 2 மி.மீ., சில நாள் ஒன்றுமே இல்லை. காலையில் வருவார், ஜாக்கியைக் கால் திருப்புத் திருப்புவார், காது கொடுத்துக் கேட்பார், போய்விடுவார். 16 மி.மீ. வந்ததும் நிறுத்திவிட்டார். மீதி 6 ஏன் வேண்டாம் என்றால், கதவுகளும் மேல் சுவரும் அந்தத் தொங்கலுக்குப் பழகி அதற்கேற்ப வெட்டப்பட்டுவிட்டன. முழுக்கத் தூக்கினால் மேலே எல்லாம் கிழியும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தினமும் போய்ப் பார்த்தேன். காரணம் உண்டு. பொதுச் சுவரின் அதே குழியில் அந்தப் பக்கத்திலிருந்து அவர் வீட்டு உத்தரமும் வந்து என் உத்தரத்தோடு முட்டிக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கம் தட்டினால் அவர் வீட்டில் பூச்சு உதிரும். வேலைக்கு முன்பே அவர் வீட்டுச் சுவர்களைப் படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டேன். நடு வேலையில், "தம்பி, இந்த விரிசல் உன் படத்திலேயே இருக்கிறது, கவலைப்படாதே" என்று அவரே வந்து காட்டினார்.

2022 பிப்ரவரி 2

"சிமென்டில் கட்டினால் பலம்தானே, ஏன் பயப்படுகிறீர்கள்?"

பலம்தான். அந்தப் பலம்தான் பிரச்சினை. போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824ல். அது சாதாரண வீட்டுச் செங்கல் வேலைக்குள் முழுமையாக நுழைய அதற்குப் பிறகும் பல காலம் ஆனது. உங்கள் வீடு போன்றவை பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மை. சுவர் கொஞ்சம் அசைந்தால் காரை விட்டுக்கொடுக்கும், கல் உடையாது. மயிரிழை விரிசல் விழுந்தால் ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து ஓரளவு தானே மூடிக்கொள்ளும். சுவருக்குள் போன ஈரம் காரை வழியாகத்தான் வெளியே வரும்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பில் சிமென்டை வைத்து அடைத்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஈரம் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறப் பார்க்கும். அதோடு வந்த உப்பு முகத்துக்குக் கொஞ்சம் உள்ளே படிகமாகி விரியும், குளிர் நாட்டில் என்றால் உறைந்தும் விரியும். செங்கல்லின் முகம் தகடு தகடாக உரிந்து விழும். சிமென்ட் இணைப்பு மட்டும் வலைமாதிரி முன்னே துருத்திக்கொண்டு நிற்கும், உள்ளே கல் குழியாகியிருக்கும். என் முன்சுவரில் கீழ் எட்டு வரி அப்படித்தான் இருந்தது. வீட்டை எங்களுக்கு விற்றவர் நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

எங்கள் கொத்தனார் உளியாலும் சிறு சுத்தியலாலும் மட்டுமே பழைய இணைப்பைச் சுரண்டினார். ஆங்கிள் கிரைண்டர் கொண்டுவந்த பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய இணைப்பு 8, 10 மி.மீ. அகலம், சக்கரம் ஒரு தடவை வழுக்கினால் கல்லின் ஓரம் போனது போனதுதான். இணைப்பின் அகலத்தைப்போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, மெல்ல மெல்ல அடுக்காக அடைத்தார். மூன்று பங்கு கூர்மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. பிறகு இரண்டு வாரம் ஈரச் சாக்குத் தொங்கியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது, அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும்.

2022 பிப்ரவரி 3

நேற்றைய குறிப்புக்குக் கீழே, பழைய காரை சுண்ணாம்பா சிமென்டா என்று எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு, வினிகரில் போட்டு நுரைக்கிறதா பாருங்கள் என்று அவசரத்தில் பதில் சொல்லிவிட்டேன். அது தப்பு, மன்னிக்கவும். மணலில் சிப்பித் தூளோ சுண்ணக்கல் தூளோ இருந்தாலும் நுரைக்கும், சிமென்டுச் சாந்தும் கொஞ்சம் நுரைக்கும். சாவியால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்து, நடுவில் சரியாகக் கலக்காத வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தால் அனேகமாகச் சுண்ணாம்பு. சாவி வழுக்கிச் சாம்பல் கோடு விழுந்தால் சிமென்ட். உறுதியாக வேண்டும் என்றால் ஆய்வகத்துக்கு ஒரு கைப்பிடி அனுப்பலாம்.

2022 பிப்ரவரி 11

இப்போது பின்சுவருக்கு வருகிறேன். கேள்வியே அதுதான், நான் எங்கெங்கோ போய்விட்டேன்.

பழைய செங்கல் வீடுகளின் வெளிச்சுவரில் இரும்பு நட்சத்திரமோ, எஸ் வளைவோ, வட்டத் தகடோ பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று நினைப்போம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு இரும்புக் கம்பி சுவரைத் துளைத்து உள்ளே போய்த் தரையைப் பிடித்திருக்கிறது. நெதர்லாந்தின் பழைய வீடுகளில் அந்த இரும்பையே எண் வடிவில் அடித்து, வீடு கட்டிய ஆண்டை முகப்பில் எழுதியிருப்பார்கள். வீட்டைப் பிடித்து நிறுத்துவதே வீட்டின் பிறந்த தேதியாகவும் இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

எங்கள் பின்சுவரில் மாடித் தரை மட்டத்தில் மூன்று, கூரை மட்டத்தில் மூன்று, ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. உத்தரங்கள் சுவருக்கு இணையாக ஓடுவதால் கம்பியை ஒரே உத்தரத்தில் மாட்டினால் பயனில்லை, அந்த ஒன்றையே பக்கவாட்டில் வளைத்து இழுக்கும். அதனால் சுவரிலிருந்து நாலு உத்தரம் வரைக்கும் நடுநடுவே இறுக்கமாகக் கட்டைகள் வைத்து, கம்பியை நாலின் குறுக்கேயும் ஓட்டி, நாலாவதன் பின்னால் தகடும் மரையும் போட்டோம். அதன் மேல் தரைப் பலகைக்கு அடியில் ஒட்டுப்பலகை விரித்து நெருக்கமாகத் திருகினோம். இப்போது அந்தத் தரை முழுவதும் ஒரே தட்டு. சுவர் அந்தத் தட்டைப் பிடித்திருக்கிறது, தட்டு இரண்டு பொதுச் சுவர்களைப் பிடித்திருக்கிறது. கழன்ற உள்மூலையில் பழைய காரையை எடுத்துவிட்டு, நாலு வரிக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத எஃகு முறுக்குக் கம்பியை இரண்டு சுவருக்கும் குறுக்கே புதைத்து மூடினார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மழைநீர்க் குழாயை மாற்றினோம். அதைச் செய்யாமல் மற்றதை ஆரம்பித்திருந்தால் எல்லாம் வீண்.

2022 பிப்ரவரி 12

மரையை இறுக்கி இறுக்கிச் சுவரை உள்ளே இழுத்துவிடலாமா? கூடாது. நேற்று எழுதியதில் "இழுக்கும்" என்ற சொல்லைப் போட்டது என் பிழை, அதிலிருந்துதான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. புடைத்த சுவருக்குப் பின்னால் இத்தனை வருடம் விழுந்த காரைத் தூளும் கல் துண்டும் அந்தச் சந்துக்குள் நிரம்பியிருக்கும். இழுத்தால் அது ஆப்பு மாதிரி தடுக்கும், தகட்டைச் சுற்றிச் செங்கல் நொறுங்கும். மரை கைக்கு இறுகி, அதற்குமேல் அரைத் திருப்பு. அவ்வளவே. என் சுவர் இன்றும் 31 மி.மீ. வெளியேதான் நிற்கிறது. நின்ற இடத்தில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

இன்னொரு எச்சரிக்கை. புடைப்பு இருந்தால் சுவரை மெல்லத் தட்டிப் பாருங்கள். கடகடவென்று வெற்றுச் சத்தம் கேட்டால் வெளி அடுக்குக் கல் உள் அடுக்கிலிருந்து பிரிந்திருக்கலாம். இரண்டையும் தைப்பது தலைக்கல், குறுக்கே படுத்த கல். அது உடைந்துபோயிருந்தால், அல்லது முகப்பு அழகுக்காகப் பாதிக் கல்லை வைத்து ஏமாற்றியிருந்தால், நட்சத்திரத் தகடு வெளி அடுக்கை மட்டும் பிடித்து என்ன செய்ய? அப்படிப்பட்ட பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அதே கற்களால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். இடிக்கச் சொன்ன உங்கள் கொத்தனார் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் சரியாக இருக்கலாம்.

2022 மார்ச் 1

ஜனவரி 9ல் "பாரம் எல்லாம் பக்கத்துச் சுவர்கள் மேல்" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், அப்படியானால் நடுவில் உள்ள மரத்தடுப்பை எடுத்துவிடலாமே என்று கேட்கிறார். நல்லவேளை கேட்டார்.

வரைபடத்தின்படி அது பாரம் தாங்காத தடுப்புதான். ஆனால் நூறு வருடத்தில் உத்தரங்கள் தொங்கித் தொங்கி அந்தத் தடுப்பின் தலையில் உட்கார்ந்துவிடும். யாரும் கேட்காமலே அது தூணாகிவிட்டது. எங்கள் வீட்டில் அதை எடுக்கும் முன் தச்சர் மேல் சட்டத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு தாளைச் செருகப் பார்த்தார். ஏழு உத்தரத்தில் ஐந்தில் தாள் நுழையவில்லை. அந்த ஐந்துக்கும் வேறு வழி செய்த பிறகுதான் தடுப்பில் கை வைத்தோம். தாள் நுழைந்தாலும் அவசரப்பட வேண்டாம், மேலே யாராவது நடக்கும்போது மறுபடி செருகிப் பாருங்கள்.

2022 மார்ச் 2

புகைபோக்கி: கீழ் அறையில் இடம் வேண்டும் என்று அதன் அடிப்பகுதியை யாராவது முன்பே எடுத்துவிட்டார்களா பாருங்கள். மேலே கூரைக்கு வெளியே செங்கல் கோபுரம் அப்படியே நிற்கும், அடியில் ஒன்றுமிருக்காது, பரணில் இரண்டு மரத்துண்டு தாங்கிக்கொண்டிருக்கும். பரணில் ஏறிப் பார்க்காமல் தூங்காதீர்கள்.

2022 மார்ச் 18

கடைக்கால் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும், நிலவறையை இன்னும் அரை மீட்டர் ஆழமாக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. உங்களுக்கும் வரும். என் பொறியாளர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தச் சுவருக்கு அடியில் இருப்பது யாருடைய மண்?" பொதுச் சுவர் என் வீட்டை மட்டும் தாங்கவில்லை. பழைய செங்கல் அடித்தளம் ஆழமே இல்லாதது. அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால், பக்கத்தில் இறுக்கிப் பிடித்திருந்த மண் போய், அடியில் உள்ள மண் பக்கவாட்டில் பிதுங்கும். சுவர் ஒரே நொடியில் இறங்கும். இரண்டு வீடும்.

செய்தே தீர வேண்டும் என்றால் முறை இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத் துண்டுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த துண்டாக இல்லாமல் ஒன்று, நாலு, இரண்டு, ஐந்து, மூன்று என்று தள்ளித் தள்ளித் தோண்டி, ஒவ்வொன்றிலும் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு மேல் இடுக்கில் உலர்சாந்தை அடித்துத் திணித்து, அதற்கப்புறம்தான் அடுத்த துண்டைத் தொட வேண்டும். அனுபவமுள்ள ஆள், பொறியாளரின் வரைபடம், பக்கத்து வீட்டாரின் எழுத்து மூலமான சம்மதம், மூன்றும் வேண்டும். நான் ஆசையை விட்டேன். நிலவறை பழைய உயரத்திலேயே இருக்கிறது, நான் குனிந்து போகிறேன்.

2022 ஏப்ரல் 4

வரிசையின் கடைசி வீட்டுக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டை இடித்ததிலிருந்து அவர் சுவர் ஈரம் குடிக்கிறதாம். குடிக்கத்தான் செய்யும். அது வெளிச்சுவராகக் கட்டிய சுவரே இல்லை. மழையைப் பார்க்கப்போவதில்லை என்று நம்பி, சூளையில் சரியாக வேகாத இளஞ்சிவப்புக் கற்களைப் பொதுச் சுவரில் போடுவது வழக்கம். அவை தண்ணீரை உறிஞ்சும், முகம் பொடியும். அந்தப் பக்க உத்தரங்கள் இருந்த குழிகள் வரிசையாக வாய் திறந்து நிற்கும். இடித்த வீட்டுத் தரைகள் அந்தப் பக்கத்திலிருந்து கொடுத்த முட்டும் போயிருக்கும். குழிகளைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இறுக்கி நிரப்புங்கள். ஒவ்வொரு தரை மட்டத்திலும் பிடிப்புக் கம்பி இருக்கிறதா பாருங்கள். உடனே நீர்ப்புகா வண்ணம் அடிக்காதீர்கள். மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சுதான் அந்த மென்மையான கல்லுக்குத் தோது.

மறைப்புப் பூச்சுப் பற்றி ஒன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வரிசை வீடுகளில் செங்கல் மேல் கல் மாதிரி தோன்றும் சிமென்டுப் பூச்சு ஒன்று உண்டு, ஃபார்ம்ஸ்டோன் என்று பெயர், 1937ல் காப்புரிமை பெற்றது. பராமரிப்பே வேண்டாம் என்று வீடு வீடாகப் போட்டார்கள். பின்னாளில் அதை உரித்தவர்கள் அடியில் ஈரம் தேங்கிச் சிதைந்த செங்கல்லைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் சுவர் மேல் எதாவது மறைப்பு இருந்தால், விரிசல் இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரு ஓரத்தில் ஒரு சதுர அடி திறந்து பாருங்கள்.

2022 செப்டம்பர் 25

கேள்வி கேட்டவர் படங்கள் அனுப்பியிருந்தார். உள்மூலை விரிசல் அலமாரிக்குப் பின்னாலேயே இருந்தது, மேலே 9 மி.மீ., கீழே ஒன்றுமில்லை. படிக்கட்டு விரிசலுக்குக் காரணம் வேறு: ஜன்னல் தலைக்கு மேலே கல்லைத் தாங்கும் எல் வடிவ இரும்புக் கோணம் துருப்பிடித்து ஊதியிருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மேலே உள்ள கல்லை அப்படியே தூக்கிவிடும். இரண்டு விரிசலையும் ஒரே நோய் என்று நான் ஜனவரியிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நோய். ஜன்னலுக்கு மேலே மூன்று வரி கல்லை எடுத்து, கோணத்தை மாற்றி, அதே கல்லைத் திருப்பி வைக்க வேண்டும். பின்சுவருக்குக் கம்பி. முழுக்க இடிக்க வேண்டியதில்லை என்று அவர் வரவழைத்த பொறியாளரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

2023 ஜனவரி 15

ஒரு வருடக் கணக்கு கேட்டவர்களுக்கு. உள்மூலை ஆணிகளின் நடுத்தூரம் சென்ற ஜனவரியில் 84.2 மி.மீ., ஜூலையில் 84.0, இன்று 84.2. புதிய உத்தர முனைகளில் ஈரமானி 15, 15, 16. கீழ்க் கூரையில் அந்த மூலையை மட்டும் இன்னும் பூசாமல், திருகு போட்ட ஒரு பலகையால் மூடி வைத்திருக்கிறேன். மழை முடிந்ததும் ஏணி வைத்து ஏறி, நாலு திருகைக் கழற்றி, முதலில் மோந்து பார்க்கிறேன். இந்த வருடம் வெறும் மர வாசனைதான்.